ஒரு தட்டு

ஸ்டூல் மேல் ஏறி நின்று சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள்ளைப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தாள் அவள். கூடம் முழுக்க ஆட்கள். நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவள் கணவர்.

"இப்போதான் மூணரை," என்றாள் இறங்கி, யாரும் கேட்காமலே.

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் பஸ் டிப்போ ஆட்கள். ஊரில் யாரை ஏமாற்றினாலும் அவர்களை நேரத்தில் ஏமாற்ற முடியுமா? அத்தனை பேரும் அவரவர் மணிக்கட்டைப் பார்த்தார்கள். பிறகு, பாவம், அத்தனை பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

மகள் வந்துகொண்டிருந்தாள். விமானம் தாமதம். இறங்கிவிட்டேன் என்று சற்று முன்புதான் போன் வந்தது. நாலு மணிக்குச் சுடுகாட்டுக்கு வண்டி கிளம்ப வேண்டும்.

அவர் பஸ் டிரைவர். டிப்போவில் அவருக்கு 'அலாரம்' என்று பெயர். சொன்ன நேரத்துக்கு வண்டியை எடுத்துவிடுவார். யார் ஓடி வந்தாலும் சரி, கையைக் காலை ஆட்டினாலும் சரி. கேட்டால், "இவருக்காக நான் நின்னா, அடுத்த ஸ்டாப்புல நிக்கிறவங்க என்ன பாவம் பண்ணாங்க? அவங்க நேரத்த எடுத்து இவருக்குக் குடுக்க நான் யாரு?" என்பார். நல்ல கேள்விதான். பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனாலேயே அவளுக்கு அதன்மேல் அப்படி ஓர் ஆத்திரம்.

மகளின் பரீட்சை நாளன்று தாயும் மகளும் ஸ்டாப்பில் நின்றார்கள். நுழைவுச் சீட்டை மறந்துவிட்டேன் என்று மகள் வீட்டுக்கு ஓடினாள். அவருடைய வண்டிதான் வந்தது. இவள் ஏறி, "ஒரு நிமிஷம், வந்துடுவா," என்று கெஞ்சினாள். கண்டக்டர் தானாகவே ஒரு மணி அடித்தார். ஒரு மணி என்றால் நிறுத்து, இரண்டு மணி என்றால் கிளம்பு. ஆனாலும் கணவர் வண்டியை எடுத்துவிட்டார். பக்கக் கண்ணாடியில் மகள் ஒரு கையில் சீட்டை நீட்டிக்கொண்டு ஓடி வந்தது இவளுக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாதா?

மகளுக்கு ஒரு வருடம் போயிற்று. அதன்பிறகு அவரோடு பேச்சு நின்றது. வேலை கிடைத்ததும் கண்காணாத தூரத்துக்குப் போய்விட்டாள். போன் பண்ணினால் அம்மாவோடு மட்டும்.

போன வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவளிடமும் பார்க்க வந்த டிப்போ ஆட்களிடமும் அவர் சொன்னார்: "என்னையும் சொன்ன நேரத்துக்கு எடுத்துடுங்க. யாருக்காகவும் நிறுத்தாதீங்க."

"உங்க பொண்ணுக்காகக் கூடவா?" என்று கேட்டாள் அவள்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கண்டக்டர்தான் இப்போது அருகில் வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"அண்ணி, தகனத்துக்கு நமக்குன்னு ஒரு நேரம் குடுத்திருக்காங்க. நமக்கு அடுத்தது..." என்று இழுத்தார். "ஒரு சின்னப் புள்ளையாம் அண்ணி. அவங்க அங்க வந்து உக்காந்துட்டாங்களாம்."

அவள் பெட்டியைப் பார்த்தாள். செத்தும் மனுஷன் விடுகிறாரா பார், என்று நினைத்தாள். பிறகு தானே ஸ்டூலில் ஏறி முள்ளைச் சரியான இடத்துக்குத் தள்ளினாள்.

"எடுங்க," என்றாள்.

அமரர் ஊர்தியின் பின்பக்கம், பெட்டியிலிருந்து எடுத்துக் கிடத்தியிருந்த அவருக்கு இருபுறமும், அவளும் கண்டக்டரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முன்னால் ஓட்டியவரும் டிப்போ ஆள்தான். வண்டி கிளம்பியது. சரியாக நாலு மணி.

"பரீட்சை அன்னைக்கு அண்ணன் டிரிப்ப முடிச்சுட்டு வண்டிய விட்டு எறங்கவே இல்ல அண்ணி," என்றார் கண்டக்டர், குனிந்த தலையோடு. "ஸ்டியரிங்கப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தாரு. 'ஓடி வந்தாடா, ஓடி வந்தாடா'ன்னு இதையே சொன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாமே! அவளிடம் வேண்டாம், மகளிடமாவது. அழுகையை மறைக்க முகத்தைப் பின்கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

தெருமுனையில் ஒரு டாக்சி நெரிசலில் சிக்கி நின்றது. கதவு திறந்தது. தோளில் பையோடு ஒருத்தி இறங்கி ஓடி வந்தாள். அன்று ஓடி வந்த அதே ஓட்டம். ஒரு கை மட்டும் முன்னால் நீண்டிருந்தது.

டிரைவரும் கண்ணாடியில் பார்த்திருப்பார். ஆனால் வண்டி மெதுவாகவில்லை. அலாரம் சொல்லிவிட்டுப் போனதை அவர் மீறுவாரா? கண்டக்டரின் கை தட்டுவதற்குப் பாதி எழுந்தது; கிடந்தவரைப் பார்த்ததும் இறங்கிவிட்டது.

அவள் எழுந்து டிரைவர் பக்கத் தகரத் தடுப்பில் முஷ்டியால் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

வண்டி நின்றது.

கண்டக்டர் கதவைத் திறந்து கை கொடுக்க, மகள் ஏறி வந்து அப்பாவின் காலடியில் விழாத குறையாக உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"நிக்காதுன்னு நெனச்சேன்மா," என்றாள் கடைசியில்.

அம்மா அவள் தலையைக் கோதிவிட்டாள்.

"நமக்கு அடுத்தது ஒரு சின்னப் புள்ளையாம். காத்துக்கிட்டு இருக்காங்களாம்மா."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அப்பாவின் காலிலிருந்து ஒரு கையை எடுக்காமலே, மறு கையை நீட்டித் தகரத்தில் இரண்டு முறை தட்டினாள்.