மைக்கில் சொன்ன ஜெபக்குறிப்பு

சர்ச் வாலிபர் கூட்டத்துப் பிள்ளைகள் லிப்ட் மெக்கானிக்குக்கு வைத்த பெயர் அரைமணி அண்ணன். அவர் ஜெபத்தைத் தொடங்கினால் அரைமணி நேரம் கழித்துத்தான் ஆமென் வரும். உலக சமாதானம், மழை, ஆட்சியாளர்கள் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, கூட்டத்தில் இருக்கிற ஒவ்வொருவர் வீட்டுக்குள்ளும் நுழைந்து வெளியே வருவார். நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் நீளம்.

ஆறு வருஷமாக அந்தக் கூட்டத்தை அவர்தான் நடத்தினார். இருபது வயதில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றியவரை மனுஷனாக்கியது அந்தக் கூட்டம். மனைவியை முதலில் பார்த்ததும் அங்கேதான். இப்போதோ சனிக்கிழமை சாயங்காலம் இருபத்தைந்து நாற்காலி போட்டால் நாலு பேர் வந்தார்கள். கிட்டார் வாங்கினார், பூப்பந்துப் போட்டி வைத்தார், வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டார். ஒன்றும் எடுபடவில்லை.

போதகர் கையை விரித்துவிட்டார். "நாலு பேருக்கு எதுக்குத் தனிக் கூட்டம்? மாசக் கடைசி சனிக்கிழமை பத்துப் பேராவது வரலைன்னா, பெரியவங்க கூட்டத்தோட சேர்த்துடலாம்."

மெக்கானிக் விடுவதாக இல்லை. கடைசி முயற்சியாக, வாசலில் ஒரு ஜெபக்குறிப்புப் பெட்டி வைத்தார். எதற்காக ஜெபிக்க வேண்டுமோ அதை எழுதிப் போடலாம். அடுத்த வாரம் திறந்தால் ஒரே ஒரு சீட்டு: 'இங்கே எதையும் எழுதாதீங்க. மைக்கில் வரும்.'

"எவ்வளவு கொழுப்பு பாரு!" என்று மனைவியிடம் நீட்டினார்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் அதைப் படித்தாள். "கொழுப்பில்லை, நிஜம். தையல்காரர் பொண்ணை மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. நர்சிங் பரீட்சையில் மூன்றாவது முறையும் தோற்றதை அந்தப் பெண் அவரிடம் மட்டும் சொன்னாள். அப்பாவிடம் சொல்லத் தைரியம் வர ஜெபிக்கச் சொன்னாள். அவரும் ஜெபித்தார். ஞாயிறு ஆராதனையில், மைக்கில், பெயரைச் சொல்லி, எத்தனையாவது முறை என்பதையும் சேர்த்து. அவர் கண்ணை மூடியிருந்ததால், மூன்றாவது வரிசையில் தையல்காரர் கண்ணைத் திறந்ததைப் பார்க்கவில்லை.

"ஆண்டவர்கிட்டதானே சொன்னேன்?"

"ஆண்டவருக்கு எதுக்குங்க மைக்கு?"

மறுநாள் அந்தப் பெண் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அவள் தலை நிமிராமல், "எத்தனை காப்பி?" என்றாள்.

"தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சுடு."

"என் மானம் போனது மைக்குல. மன்னிப்பு மட்டும் கடையிலயாண்ணா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்தார். தையல்காரர் பெயர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடப்பாவி, மறுபடியுமா என்று அதை விழுங்கினார். "என்னை நம்பி ஒருத்தர் சொன்னதை இதே மைக்குல எல்லாருக்கும் சொன்னேன். அது ஜெபமில்லை. கோள் சொன்னது. மன்னிச்சுடுங்க." கண்ணைத் திறந்துகொண்டே சொன்னார்.

முன்பு அவர் அந்தப் பெண்ணுக்காக ஜெபித்த ஞாயிறு வராமல் போன ஒரு அம்மா வாசலில் அவரை மடக்கினாள். "யார் விஷயம் தம்பி? சொன்னா நானும் ஜெபத்துல வெச்சுக்குவேன்."

"வேண்டாம்மா," என்றார். ஆறு வருஷத்தில் அவர் பேசிய மிகச் சின்னப் பேச்சு அதுதான்.

மாதக் கடைசி சனிக்கிழமை. மைக்கை அலமாரியில் வைத்துப் பூட்டினார். நாற்காலிகளை வட்டமாகப் போட்டார். ஏழு பேர் வந்தார்கள். எட்டாவதாகத் தையல்காரர் மகள் வந்து கதவோரமாக உட்கார்ந்தாள். அதற்குமேல் யாரும் வரவில்லை. போதகர் வாசலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஜெபக்குறிப்பு ஏதாவது இருக்கா?"

யாரும் வாய் திறக்கவில்லை. மெக்கானிக்குக்குப் பேசி அந்த அமைதியை நிரப்பிவிட வேண்டும்போல் இருந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்குப் பதினேழாம் தேதி மறுபடியும் பரீட்சை," என்றாள் தையல்காரர் மகள். "இந்தத் தடவை அப்பாவே கூட்டிட்டுப் போறார்."

போதகர் எண்ணுவதை விட்டுவிட்டு வெளியிலிருந்து கதவைச் சாத்தினார். வாலிபர் கூட்டம் தனியாகவே நடக்கட்டும் என்று மறுநாள் சொன்னார்.

உள்ளே ஒருவன் தன் அண்ணனைப் பற்றிச் சொன்னான். அடுத்து ஒருத்தி சொன்னாள். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

எல்லோரும் சொல்லி முடித்ததும் மெக்கானிக் கண்ணை மூடினார். "ஆண்டவரே, எல்லாத்தையும் நீங்களே கேட்டுட்டீங்க. ஆமென்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் அரைமணி நேரம் இருக்கிறதே என்று அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரர் மகள்தான் முதலில் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"அவ்வளவுதானாண்ணா?"

"அவ்வளவுதாம்மா."