வாளியில் வந்த பெரியப்பா

எங்கள் ஊரில் சொந்தபந்தம் இல்லாதவர்களுக்குக் கடற்பஞ்சுதான் பெரியப்பா. கடற்கரை ஆராய்ச்சிக்கூடத்தில் போய்க் கேட்டால் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தார்.

அதுவரை எனக்குப் பெரியப்பா தேவைப்படவில்லை. நான் ஐஸ் கம்பெனியில் பாளம் உடைப்பவன். அப்பா அம்மா முகம் தெரியாது. ஒண்டிக்கட்டை, ஒரு தட்டு, ஒரு டம்ளர். கம்பெனியில் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் வடிவை எனக்குப் பிடித்துப்போன பிறகுதான் சிக்கல். அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது.

"அப்பாவ வந்து பாருங்க. ஆனா தனியா வராதீய. பெரியவுக யாரையாவது கூட்டிட்டு வாங்க" என்றாள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் ரெஜினா மேடம் என் வாய்க்குள் பஞ்சுக்குச்சியை விட்டுத் துழாவி, மரபணுவை ஒத்துப் பார்த்தார். நிறையவே பொருந்தியது. மஞ்சளாக, உடம்பெல்லாம் ஓட்டையாக இருந்த பெரியப்பாவைக் கடல்தண்ணீரோடு வாளியில் வைத்துக் கொடுத்தார்.

"மிருக வம்சத்துல முதல்லயே தனிக்குடித்தனம் போனவர் இவர்தான்னு சொல்றாங்க. இல்ல, கடல்ல கண்ணாடி மாதிரி மிதக்குமே சீப்புச் சொறிமீன், அதுதான் முதல்ல போச்சுன்னும் சிலபேர் சொல்றாங்க. அந்த வழக்கு இன்னும் முடியல. இவருக்கு மூளை, நரம்பு, ரத்தம் எதுவும் கிடையாது. ஆனா நரம்பு செய்யத் தேவையான மரபணு நிறைய வச்சிருக்கார். வீடு கட்டாம செங்கல்ல மட்டும் அடுக்கி வச்ச மாதிரி."

எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. குடும்பம் நடத்தத் தேவையான ஆசையெல்லாம் என்னிடமும் அடுக்கியேதான் கிடந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் அன்றைய கதையை அவரிடம் சொல்வேன். அவர் தண்ணீரை உள்ளே இழுத்து மெதுவாக வெளியே விடுவார். பதிலுக்கு அது போதுமானதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை வாளியோடு வடிவு வீட்டுக்குப் போனேன். பெரியப்பாவுக்கு நாற்காலி போட்டார்கள். வடிவின் அப்பா சுடலையாண்டி வாளியை எட்டிப் பார்த்து, தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"வாங்கண்ணே. நல்லாருக்கியளா?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, இவுக எனக்கும் அண்ணந்தான். என் கல்யாணத்துக்கும் இவுகதான் முன்ன நின்னாக. அப்ப நீங்க எனக்கு மவன் முறையில்லா வருது."

வடிவு காப்பி கொண்டுவந்தாள். அதுவரை அவள் என்னை முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை.

"அண்ணே, காப்பி எடுத்துக்கிடுங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. சர்க்கரை சரியாகத்தான் போட்டிருந்தாள்.

மறுநாள் மேடத்திடம் போய், பெரியப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"ரத்த சொந்தத்த எப்படிப்பா திருப்பி எடுக்கிறது?" என்றார். பெரியப்பாவுக்கு ரத்தமே கிடையாது என்று அவரே சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை.

வீட்டுக்கு வந்த வேகத்தில், ஆத்திரம் தாங்காமல் அவரைச் சல்லடைத்துணியில் வைத்துப் பிழிந்தேன். மாவாகக் கரைந்து தண்ணீரில் இறங்கினார். கொஞ்ச நேரம் எல்லாம் தனித்தனியாக மிதந்தது. பிறகு அந்தத் துகள்கள் ஒன்றையொன்று தேடிப் போய் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. சில நாளில் மறுபடி பெரியப்பா ஆகிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னைத் தேடி வந்து ஒட்டிக்கொள்ள ஒரு துகளும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத் தண்ணீர் மாற்றினேன்.

வடிவுக்கு எங்கே மாப்பிள்ளை பார்த்தாலும் பெரியப்பா வழியில் அண்ணன் தம்பிகளாகவே வந்தார்கள். கடைசியில், பெரியப்பா பிறப்பதற்கு முன்பே பாகம் பிரிந்துபோன காளான் வீட்டில்தான் முறை அமைந்தது. அமைதியான குடும்பம் என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள்.

இன்று முகூர்த்தம். வாளிக்குச் சந்தனம் பூசி, பெரியப்பாவை முன்வரிசையில் வைத்திருக்கிறார்கள். வடிவு மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மழை இல்லாததால் மாப்பிள்ளை இன்னும் முளைக்கவில்லை. அவளுக்குப் பக்கத்து மணையில் வைக்கோல் பரப்பியிருக்கிறார்கள். அண்ணன் முறை என்பதால் நான்தான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறேன்.