உருமிக்காரர் வேலை மாறிய இசைத்தட்டு

பதினொரு வருடம் கழித்துப் போட்டபோது, ‘கரிசல் மின்சாரம்’ இசைத்தட்டில் உருமிக்காரர் இல்லை. ராஜினாமா கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

‘நாலு ரோடு’ என்ற குழு எண்பத்து நான்கில் போட்ட நாட்டுப்புற ராக் ஆல்பம் அது. மொத்தமே இருநூறு தட்டுகள். எங்கள் ஊரில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் உறையைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். போட்டுக் காட்ட மாட்டேன்; கீறல் விழுந்துவிடும். ரசிகன் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

முதல் பாட்டில் கிட்டார் அது பாட்டுக்கு ஓடியது. உருமி வர வேண்டிய இடத்தில் பாடகர் பிலவேந்திரன் நிறுத்திவிட்டார்.

“வாங்க சார். இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“உருமி சங்கிலிமுத்து எங்கே?” என்றேன்.

“உங்க பக்கத்து வீட்டுல, அம்மன் பாட்டு ரெக்கார்டுல. தினமும் காலைல அஞ்சு மணிக்கு வேலை. இன்னிக்குள்ள அவர் வரலேன்னா நாங்களும் கிளம்புறோம். வெறும் தட்டை வெச்சு நீங்க தோசை சுடலாம்.”

இருபது வயதில் அந்த உருமிக்காகத்தான் இரண்டு மாதம் டீ குடிக்காமல் இதை வாங்கினேன்.

பக்கத்து வீட்டுக் கோமளவல்லி மேடம் தொலைபேசி அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். விஷயத்தைச் சொன்னதும் அம்மன் பாட்டைப் போட்டார். இரண்டாவது சரணத்தில் சங்கிலிமுத்து வந்தார். ஆள் நன்றாகத் தேறியிருந்தார், சத்தத்திலேயே தெரிந்தது.

“திரும்பி வந்துடுங்கண்ணே” என்றேன்.

“வரலாம் சார். கேக்க ஆள் வேணுமே? இந்தம்மா தினமும் கண்ணை மூடிக் கேப்பாங்க. நீங்க உறையைத் தொடைப்பீங்க. அவங்க வந்தா நானும் வரேன்.”

மேடம் கொஞ்சம் யோசித்தார். “அடுப்புல குழம்பு இருக்கு. நாலு மணிக்கு வரேன்” என்றார்.

சொன்னபடி வந்தார். அவர் பின்னாலேயே உருமியும் வந்து தட்டில் ஏறிக்கொண்டது. மேடம் என் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். ஐயோ, என்ன உருமி அது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பாட்டு முடிந்ததும் பிலவேந்திரன் தொண்டையைச் செருமினார்.

“சார், ஒரு தட்டுக்கு ஒரு ஆள்தான். நீங்க வெளியில இருங்க.”

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

அம்மன் பாட்டுக்கு இப்போது கேட்க ஆளில்லை. நாளையிலிருந்து அது என் பொறுப்பு. காலை நாலே முக்காலுக்கெல்லாம் குளித்துவிட்டு மேடம் வீட்டில் போய் நிற்க வேண்டும். உட்கார்ந்து கேட்பதெல்லாம் ஆறு மாதம் கழித்து, வேலை நிரந்தரமானால்தானாம்.