கழற்றியதால்

இப்போதெல்லாம் எவனும் 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதில்லை. 'சிஸ்டத்தில் காட்டவில்லை' என்கிறான். பேங்கில் கேட்டாலும் அதே பதில், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதே பதில். வண்டி ரிப்பேர் பார்க்கிறவன்கூட பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கண்ணாடிப் பலகையைக் கையில் எடுத்து அதன் மூஞ்சியைப் பார்க்கிறான். வண்டியின் மூஞ்சியைப் பார்ப்பதில்லை. தப்பு நடந்தால் பழியை அந்தப் பலகையின் தலையில் கட்டிவிடலாம் பாருங்கள், அதுதான் வசதி.

என் மகள் "வேன் தானா ஆஃப் ஆயிடுச்சுப்பா" என்று வந்து நின்றபோது எனக்கு அதுதான் தோன்றியது. இவளும் ஆரம்பித்துவிட்டாள்.

வேன் என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது அவள். நடக்க முடியாத பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பக்கம் சாய்த்து பெல்ட் போட வேண்டும், எவன் சக்கர நாற்காலியில் எந்தச் சக்கரம் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. அன்றைக்கு ஆறு பிள்ளைகளோடு பாலத்திலிருந்து இறங்கும்போது எஞ்சின் நின்றிருக்கிறது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது, பிரேக் கட்டையாகிவிட்டது என்றாள். தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டே போய் நிறுத்தியிருக்கிறாள். ஒரு சிறுமிக்கு முன்பற்கள் இரண்டு போய்விட்டன. அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியதும், ஒன்றுமே நடக்காதது போல வேன் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது.

அங்கேதான் வந்தது வினை. ஓடுகிற வண்டியைக் காட்டி 'தானாக நின்றது' என்றால் யார் நம்புவார்கள்?

பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். நான் முப்பத்தெட்டு வருஷம் லாரி ஓட்டியவன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"இவ பையனுக்கு ரெண்டு நாளா காய்ச்சல். இவ சரியா தூங்கல. கண்ணு அசந்திருக்கும் டீச்சர்," என்றேன்.

மனதில் பட்டதைச் சொன்னேன். என் மகள் என் பக்கம் திரும்பவே இல்லை. மேஜை மேல் இருந்த மணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டியிலதான் கோளாறுன்னு ஒர்க்‌ஷாப்ல எழுதி வாங்கிட்டு வாங்க. என்ன கோளாறு, ஏன் வந்துச்சு, மறுபடி வராதா, எல்லாம் அதுல இருக்கணும்," என்றார் டீச்சர் அவளிடம். "இல்லேன்னா நீங்க எங்க பிள்ளைங்கள ஏத்த வேணாம்மா."

அதற்கப்புறம் நாலு நாள் வீட்டில் அவள் என்னோடு பேசவில்லை. தட்டை மேஜையில் வைக்கிற சத்தம்தான் பேச்சு. நானும் சும்மா இருக்கவில்லை. டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன், பைப்பில் காற்றுப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தேன், காலையில் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்படியானால் நான் சொன்னது சரிதானே?

ஐந்தாம் நாள் காலை அவள் என்னைக் கேட்காமலே வேனை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்தாள். நான் கேட்காமலே ஏறி உட்கார்ந்தேன்.

தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். இரண்டு வண்டி நிற்க இடம். அங்கே இருக்கிற எலெக்ட்ரீஷியனை எல்லோரும் சோடாபுட்டி என்பார்கள், மூஞ்சிக்கு நேராகவே. கண்ணாடி அவ்வளவு தடிமன். நான் நினைத்தபடியே அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அதுகிட்டயே கேளு. அது ஜோசியம் சொல்லும்," என்றேன்.

"சொல்லாது பெரியவரே. வீடு எந்தத் தெருவுலன்னு மட்டும்தான் சொல்லும். கதவை நாமதான் தட்டணும்," என்றார் அவர். ஆள் சிரிக்கக்கூட இல்லை.

பலகையைச் சொருகினார். 'தொடர்பு இல்லை' என்ற பழைய பதிவு ஒன்று கிடந்ததாம். எஞ்சினை நடத்துகிற எலெக்ட்ரானிக் டப்பா நடுவில் நடுவில் பேசாமல் இருந்திருக்கிறது என்றார். உடனே டப்பாவை மாற்றச் சொல்வார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பலகையைக் கீழே வைத்துவிட்டு பேட்டரியைப் பார்த்தார். பாடியோடு சேர்கிற எர்த் ஒயரைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போட்டார். ஃபியூஸ், ரிலே எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். டப்பாவுக்குப் போகிற கனெக்டரைப் பிடுங்கி, கரெண்ட் வருகிற முனையில் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"வெறும் மீட்டர் வெச்சா நல்ல ஒயர் மாதிரிதான் காட்டும். சுமை ஏத்தினாத்தான் வண்டவாளம் தெரியும்," என்றார் என் மகளிடம். "ஒயர் சுத்தம்மா. எர்த்தும் சுத்தம்."

கனெக்டரைத் திரும்ப மாட்டி, சென்சார்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிட்டு வேறு எதுவாவது டப்பாவுக்கு வருகிற கரெண்டைக் குறைக்கிறதா என்று பார்த்தார். இல்லை. எஞ்சின் தன் பாட்டுக்கு ஓடியது.

"பாத்தியா? நல்லாத்தானே ஓடுது?" என்றேன் நான்.

"அன்னிக்கு எவ்வளவு நேரம் ஓடினப்புறம் நின்னுச்சு தங்கச்சி?" என்று கேட்டார் சோடாபுட்டி.

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்ணே. நல்ல வெயில். டிராஃபிக்ல நின்னு நின்னு வந்தேன்."

அவர் உள்ளே போய், தலைமுடி காய வைக்கிற மிஷினைக் கொண்டு வந்தார். ரோஸ் கலர்.

"யாருக்கு அலங்காரம்?" என்று கேட்டேன்.

"டப்பாவுக்கு," என்றார்.

எஞ்சின் ஓட ஓட அந்த டப்பாவின் முதுகில் சூடான காற்றை அடித்தார். ஐந்து நிமிஷம். ஏழு நிமிஷம். நான் கொட்டாவி விட்டேன். என் மகள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நிற்கிற வண்டியில். பத்தாவது நிமிஷம் தாண்டியதும் டேஷ்போர்டில் இருந்த விளக்குகள் எல்லாம் ஒரே சமயத்தில் கண் சிமிட்டின. எஞ்சின் நின்றது. விக்கவில்லை, திணறவில்லை, தொண்டையைப் பிடித்தது போல நின்றது.

"இதே மாதிரிதாம்பா," என்றாள். நாலு நாளைக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. "இதே மாதிரிதான்."

சோடாபுட்டி ஈரத்துணியைப் பிழிந்து டப்பாவின் மேல் போட்டார். கொஞ்ச நேரத்தில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆனது. திரும்பச் சூடு காட்டினார், திரும்ப நின்றது. மூன்று தடவை. மூன்று தடவையும் ஒரே மாதிரி.

அதே நம்பர் போட்ட வேறு டப்பா மத்தியானம் வந்தது. பேட்டரியைக் கழற்றி வைத்தார். தன் கையை ஒரு தடவை பாடி இரும்பில் வைத்துத் தடவிக்கொண்டார். உடம்பில் இருக்கிற கரெண்ட்கூட அதற்கு ஆகாதாம். தொட்டாற்சிணுங்கி. பழைய டப்பாவில் இருந்ததை எடுத்துப் புதியதில் எழுதினார், சாவியை அதற்கு அடையாளம் காட்டினார். எல்லாம் முடிந்து சூடு காட்டினார். அரை மணி நேரம் காட்டியும் வேன் நிற்கவில்லை.

பிறகுதான் பழைய டப்பாவைத் திறந்தார். பச்சைத் தகட்டில், கரெண்ட் உள்ளே வருகிற வாசலில், மிளகு அளவு ஒரு பொருள் வெந்திருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம்.

"இது தானா வேகல. பெரிய வோல்டேஜ் ஒண்ணு வந்து அடிச்சிருக்கு," என்றார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். "எஞ்சின் ஓடும்போது யாராவது பேட்டரி டெர்மினலைக் கழட்டினாங்களா?"

இதைச் சொல்லிவிட வேண்டும். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் அது. டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியிலிருந்து டெர்மினலைப் பிடுங்கு. ஹெட்லைட் அணைந்தால் டைனமோ போச்சு. எரிந்தால் டைனமோ இருக்கிறது. மீட்டரும் வேண்டாம், மிஷினும் வேண்டாம். பாலத்தில் வேன் நின்றதற்கு ஒரு மாதம் முன்னால் வேனில் பேட்டரி விளக்கு எரிந்தது. வீட்டு வாசலில் வைத்து நான் பிடுங்கினேன். 'நல்லா மிதிடி' என்று நான் சொல்ல, ஆக்ஸிலேட்டரை மிதித்தவள் என் மகள். ஹெட்லைட் அணையவில்லை. டைனமோ பெல்ட்டைத்தான் இறுக்க வேண்டியிருந்தது. எனக்கு அன்றைக்கு ஒரே பெருமை.

இப்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப் படிவத்தைப் பார்த்தாள். அதில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.

"தெரியலேன்னு எழுதுங்கண்ணே," என்றாள்.

"எழுதலாம். ஆனா காரணம் தெரியலேன்னா மறுபடி நிக்காதுன்னு நான் எப்படி எழுதுவேன்? அந்த டீச்சர் அதைத்தானே கேக்கறாங்க?"

"பரவால்லண்ணே. தெரியலேன்னே இருக்கட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னைக் காப்பாற்றுகிறாளாம். நான் அவளை டீச்சர் முன்னால் விட்டுக்கொடுத்தேன், இவள் எனக்குப் பிச்சை போடுகிறாள்.

"என்னடி தெரியல? நான்தான்யா கழட்டினேன்," என்றேன். "நீ பொறக்கறதுக்கு முன்னாலேருந்து கழட்டிட்டிருக்கேன். நூறு வண்டி கழட்டியிருக்கேன். ஒண்ணும் சாகல."

"உங்க லாரியில சாகறதுக்கு ஒண்ணுமே இல்ல பெரியவரே. இரும்பும் டீசலும்தானே? இதுல பேட்டரியைக் கழட்டினா, அது வாங்க வேண்டிய டைனமோ கரெண்ட் மொத்தமும் டப்பாவைத்தான் அடிக்கும்," என்றார் சோடாபுட்டி. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுதி, வாய்விட்டுப் படித்தார்: "எஞ்சின் ஓடும்போது உரிமையாளர் பேட்டரி இணைப்பைக் கழற்றியதால் கன்ட்ரோல் மாட்யூல் பழுதடைந்தது. மாற்றப்பட்டது. ஓட்டுநர் தவறு இல்லை."

"நிறுத்து," என்றேன். "அது என்ன 'கழற்றியதால்'? 'கழற்றிய பிறகு'ன்னு எழுது. கழட்டினேன், ஒத்துக்கறேன். அதுக்கப்புறம் டப்பா போச்சு, அதுவும் சரி. அதனாலதான் போச்சுன்னு நீ பாத்தியா?"

நான் மூன்றாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனாலும் 'பிறகு' வேறு, 'ஆல்' வேறு என்று தெரியாத முட்டாள் இல்லை.

"'பிறகு'ன்னா சந்தேகம்னு அர்த்தம் பெரியவரே. சந்தேகத்தை நம்பி யாரு பிள்ளைங்கள ஏத்துவாங்க?"

"இவ்வளவு நேரம் ஹேர் டிரையர் காட்டினல்ல? அந்த மாதிரி இதையும் செஞ்சு காட்டு. புது டப்பாவுல கழட்டிக் காட்டு. செத்துச்சுன்னா ஒத்துக்கறேன்."

"ஐயா சாமி," என்று அவர் இரண்டு கையையும் பேட்டரிக்கு முன்னால் நீட்டி மறித்துக்கொண்டார். நான் பாய்ந்துவிடுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது.

என் மகள் பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள். "அப்பா, அந்த 'ஆல்'லதான் என் வேலை இருக்கு. நான் தூங்கினேன்னு நீங்க ரொம்ப சுலபமா சொல்லிட்டீங்க. அதுக்கு யாராவது உங்களுக்கு மிஷின் வெச்சுக் காட்டினாங்களா?"

படிவத்தை என் பக்கம் இழுத்தேன்.

கையெழுத்துப் போட்டேன். பேனா தாளில் குத்திக்கொண்டு நின்றது, இன்னொரு தடவை அழுத்திப் போட்டேன். நாளைக்கு அவளோடு போய் டீச்சரிடம், நான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்றும் சொல்வேன். அது அவளுக்குச் சேர வேண்டியது. 'ஆல்' வேறு சமாச்சாரம்.

"ஏறுங்கப்பா, போலாம்."

"நீ போ. எனக்கு நடக்கணும்."

அவள் கொஞ்ச தூரம் என் பக்கத்திலேயே மெதுவாக ஓட்டி வந்தாள். பின்னால் ஒருத்தன் ஹாரன் அடித்தான். கையைக் காட்டினேன், போய்விட்டாள். ஒரு நொடி டெர்மினலை எடுத்தால் செத்துவிடும் பொருளை, மனுஷன் பிள்ளைகள் ஏறுகிற வண்டியில் எதற்கு வைக்கிறான்? அதை ஒருத்தனும் எந்தக் கட்டத்திலும் எழுத மாட்டான். மூன்று தடவை நின்றது, பார்த்தேன். வெந்தது, பார்த்தேன். என்னால்தான் வெந்தது என்பதை மட்டும் பார்க்கவில்லை. பார்க்காததை எப்படி நம்புவது? சாலை ஓரமாக நடந்தேன்.