வெல்கோவின் பேரி மரத்துக்காகப் பரிந்து பேச ஒருவர்

1

இக்கதை ஒரு மனுவிலிருந்து பிறந்தது. அதை எழுதிக் கொடுத்தவன் நான். முப்பத்தாறு ஆண்டுகள் பாடம் நடத்திய கை. 'ஸ்லாவ்காவின் பேரி மரம் வேலி தாண்டி அழுகிய பழங்களை உதிர்க்கிறது. குளவிகள் மொய்க்கின்றன' என்று அவருடைய அண்டை வீட்டு வெல்கோ முறையிட்டதைப் பிழையின்றி எழுதினேன். ஊராட்சி அலுவலகம் மரத்தை வெட்டச் செய்தது.

2

'வசந்தம் வந்தது, மரங்கள் புன்னகைத்…' (அடித்துவிட்டேன். மரங்கள் புன்னகைப்பதில்லை, எழுதத் தெரியாதவர்களே அவற்றைப் புன்னகைக்க வைக்கிறார்கள்.)

வெல்கோவின் வீட்டில் அவருடைய மறைந்த மனைவி கினா நட்ட பேரி, ஸ்லாவ்காவின் மரம் போனபின் வந்த மூன்று வசந்தங்களிலும் வெள்ளைவெளேரெனப் பூத்தது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

3

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காய்க்காத மரத்தைக் கோடரியால் மிரட்டுவது எங்கள் பல்கேரியச் சிற்றூரின் வழக்கம். ஒருவர் மும்முறை ஓங்குவார். ஒவ்வொரு முறையும் இன்னொருவர், 'வெட்டாதே, வரும் ஆண்டு காய்க்கும்' என்று பரிந்து பேசவேண்டும். வெல்கோவின் வீட்டில் பரிந்து பேசியவள் கினா. மூன்றாம் ஆண்டு அந்நாளின் பிற்பகல் வெல்கோ வேலியோரம் போய் நின்றார். (மிரட்ட மொண்ணைக் கோடரி போதும். அவர் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்.)

"ஸ்லாவ்காக்கா, செத்த வாங்க. வெட்டாதேன்னு மூணு வாட்டி சொல்லிட்டுப் போங்க."

"என் மரத்துக்கு அப்படி யாருய்யா சொன்னா?"

"அது வேற. இது கினா வச்சது. சும்மா பூத்துப் பூத்துக் கொட்டுறத இனிமே என்னால பாக்க முடியாது. நீங்க சொல்லலன்னா நெசமாவே வெட்டிடுவேன்."

"மாப்பிள்ளைய வெட்டிப் போட்டுட்டுப் பொண்ணு மேல கோடாலி தூக்குறியா? பேரி ஒத்தையில காய்க்குமா? என் மரத்துப் பூந்தூளத்தான் தேனீ உன் மரத்துக்குக் கொண்டாந்துச்சு."

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அக்கா?"

"அன்னைக்கு நீ எங்கிட்டயா பேசுன? காயிதத்துல பேசுன."

தவறு தம்முடையது என்று தெரிந்தபின் அம்மரத்தை ஏறிட்டுப் பார்ப்பது வெல்கோவுக்கு இன்னும் கடினமாயிற்று. கோடரியை ஓங்கினார். ஸ்லாவ்கா பேசவில்லை. மறுபடி ஓங்கினார். பேசவில்லை.

4

முதல் முடிவு: ஸ்லாவ்கா மன்னித்து, வேலிக்கு அப்பால் புதிய கன்றொன்றை… (கிழித்துவிட்டேன். அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும்தான்.)

இரண்டாம் முடிவு: கோடரி அடிமரத்தில்… (எழுத மாட்டேன்.)

மூன்றாம் முறை ஓங்கிவிட்டார். பரிந்து பேசுபவர் இன்னாராகத்தான் இருக்கவேண்டும் என்று வழக்கத்தில் இல்லை. வெட்டுபவருடையதல்லாத வேறொரு குரல், அவ்வளவே. மனு எழுதிய எனக்கு அத்தகுதி கிடையாது. ஸ்லாவ்கா இன்னும் வாய் திறக்கவில்லை. வாசகரே, உங்களைத் தவிர அங்கு வேறு எவரும் இல்லை. வெல்கோவுக்கு எழுபத்திரண்டு வயது. கோடரியை நெடுநேரம் தூக்கிப் பிடிக்க அவரால் இயலாது.