மாதா கோயிலை மூன்று சுற்று

எண்பத்து மூன்றாம் வருஷம் வைகாசி ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. நானும் என் மனைவி செந்தாமரையும் விடியலில் மலையை விட்டு இறங்கி, அமிர்தியில் ஏழேகால் பஸ்ஸைப் பிடித்தோம். பத்து மணிக்குக் கண் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அதற்கு முன்னால் டவுனில் இருக்கும் பெரிய மாதா கோயிலைப் பார்த்தாக வேண்டும் என்பது செந்தாமரை போட்ட நிபந்தனை.

காரணம் இதுதான். பங்குனியில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில், பக்கத்துக் கட்டில் சாந்தம்மாள் அந்தக் கோயிலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நூறு வருஷத்துக்கு மேலான கட்டடமாம். சன்னலெல்லாம் வண்ணக் கண்ணாடியில் செய்த படங்களாம். அதில் இருக்கிற சிவப்பு மாதிரி ஒரு சிவப்பு உலகத்தில் கிடையாதாம்.

ஆறு வாரம் கழித்து, தடித்த மூக்குக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அதைப் போட்டதும் செந்தாமரைக்கு ஆள் தெரிந்தது, அடுப்பு தெரிந்தது. ஆனால் எல்லாமே நீலம் போட்டு அலசின வேட்டி மாதிரி இருக்கிறது என்றாள். பழுத்த மிளகாய்கூட வெளுத்துத் தெரிகிறதாம். போகப்போகச் சரியாகிவிடும், இடது கண்ணிலும் புரையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. இடது கண்ணில் மங்கலாகவாவது கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்தது. அதையும் கெடுத்துக்கொண்டு நிற்க வேண்டுமா என்று பயந்தாள்.

“அந்த அம்மா சொன்ன செவப்பு எனக்குத் தெரிஞ்சா இடது கண்ணையும் குடுக்கறேன் மாமா. தெரியலன்னா இத்தோட வுட்டுடணும். அப்புறம் நீ ஒண்ணும் பேசக் கூடாது” என்றாள். நான் ஒத்துக்கொண்டேன். அவள் இரண்டு கண்ணோடும் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

கணியம்பாடி தாண்டி டவுனில் இறங்கும்போது மணி எட்டரை. கோயிலின் இரண்டு கோபுரங்களும் பஸ் நிற்கிற இடத்திலிருந்தே தெரிந்தன. வாசற்கதவு மட்டும் மூன்று ஆள் உயரம் இருக்கும். அதில் ஒரு பக்கம் திறந்திருந்தது. நாங்கள் உள்ளே போகவில்லை. எங்கள் மலைக் கோயிலில் பூசாரி மட்டும்தான் உள்ளே போவார். மற்றவர்கள் வெளியில் மூன்று சுற்று சுற்றிக் கும்பிடுவோம். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சுற்ற ஆரம்பித்தோம்.

பக்கத்துக்கு ஒன்பது சன்னல் எண்ணினேன். எல்லாமே கறுப்பு. அடுப்புக்கு மேலே மாட்டின படம் மாதிரி கரியேறிக் கிடந்தன. ஈயக் கோடுகள் மட்டும் சிலந்தி வலைபோல ஓடின. சாந்தம்மாள் சின்ன வயதில் பார்த்ததைச் சொல்லியிருப்பார், அப்புறம் அழுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். செந்தாமரை கழுத்தை நிமிர்த்தி, மூக்குக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே வந்தாள். தெரியவில்லை என்று சொல்லிவிட்டால் இடது கண் போச்சு. அவள் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“இன்னா செவப்பு பாத்தியா புள்ள.”

அவள் நின்றுவிட்டாள். “உனக்குத் தெரியுதா?”

“நல்லாத் தெரியுதே.”

“எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது மாமா” என்றாள். அழவில்லை. கணக்கு முடிந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

நான் செய்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் கறுப்புத்தான், உன்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்று உண்மையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. இப்போது சொல்வதுதான் தேற்றுவதற்காகச் சொல்வது என்றாள். இரண்டாம் சுற்று முழுக்க நான் மன்றாடிக்கொண்டே போனேன். ஆரம்பித்த சுற்றை நிறுத்தக் கூடாது என்பதற்காக மட்டும் மூன்றாம் சுற்றுக்கு வந்தாள்.

வாசலில் ரத்தினம்மாள் என்பவர் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்தக் கோயிலில் வேலை செய்கிறவர். துடைப்பத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்.

“நானும் பாத்துக்கினே இருக்கேன், செவுத்தையே சுத்திக்கினு இருக்கீங்க. உள்ள வர்றதுதானே?”

“நாங்க உள்ள வரலாங்களா?” என்று கேட்டேன்.

“யாரு வாணாம்னாங்க? வெளிய நின்னா கறுப்புதான். வெளிச்சம் உள்ள பூர்றப்பதான் கலரு தெரியும்.”

செந்தாமரை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் உள்ளே போனாள்.

உள்ளே குளுகுளுவென்று இருந்தது. கிழக்கு வெயில் சன்னல்களில் ஏறியிருந்தது. நான் அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். அவள் முதல் சன்னலில் இருந்த படத்தைப் பார்த்தபடியே கையைக் காட்டித் தடுத்தாள்.

“நீ பேசாத. நானே சொல்றேன். அந்த ஆளு போத்தியிருக்கிறது செவப்பு. தோள்ல ஆட்டுக்குட்டி. அதுக்கு ஒரு காது மடிஞ்சிருக்கு. கீழ புல்லு பச்சை, மூலையில மட்டும் மஞ்சளாப் போயிருக்கு.”

மடிந்த காதை நான் கவனிக்கவே இல்லை. அவள் சொன்ன பிறகு தேடித்தான் கண்டுபிடித்தேன்.

பிறகு மேலே பார்த்தாள். தூண்கள் உயரத்தில் பிரிந்து, கிளைபோல வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

“இந்தக் கண்ணாடி போட்டதுலேர்ந்து எந்த வாசப்படியும் வளைஞ்சே தெரியுது. இங்க நெசமாவே வளைச்சிருக்காங்களா?”

“நெசமாத்தான்” என்றேன். அவள் ரத்தினம்மாளிடமும் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

பதினெட்டு சன்னலையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பத்தே முக்கால் ஆகிவிட்டது. இடது கண்ணுக்கு என்ன முடிவு செய்தீர்கள் என்று நர்ஸ் என்னைக் கேட்டார். செந்தாமரை முந்திக்கொண்டு, ஆனி மாசத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆடியில் சாமை விதைக்க வேண்டும் என்றாள்.

துணைக்கு யார் வருவார்கள் என்று நர்ஸ் கேட்டார்.

“என் தங்கச்சி வரும்மா. இவரு வாணாம். கறுப்பைக் காட்டி செவப்புன்னு சொல்றவரு” என்றாள்.

நர்ஸ் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். உங்களுக்கும் ஒரு சீட்டு எழுதட்டுமா என்று கேட்டார்.