சிங்கப்பூருக்கு எந்த மாதம் நல்ல மாதம்?

1

இது கதையாகப் பிறந்ததில்லை. மதுரையில் ஒரு வாரப் பத்திரிகை ஆசிரியர், சிங்கப்பூர் போக உகந்த பருவம் எது என்று பயணக் கட்டுரை கேட்டார். நான் ராமேஸ்வரத்தைத் தாண்டியதில்லை. அதைச் சொன்னால் வாய்ப்பு கைநழுவிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். 1978-இல் எங்கள் விளாங்குடியிலிருந்து எவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து என் சட்டையைப் பிடிக்கப் போகிறார்?

முதல் வாக்கியம் இது: “ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும் கலந்தே இருப்பதால் சிங்கப்பூரில் தனியாகப் பருவம் என்று”

அங்கேயே நிறுத்திவிட்டேன். பருவமே இல்லையென்று எழுதினால் கட்டுரை ஒரு வரியில் முடிந்துபோகும். ஒரு வரிக்கு யார் சன்மானம் தருவார்கள்?

2

ஆகவே உள்ளே ஒரு ஆளை இறக்கினேன். பெயர் நல்லகாமன். விளாங்குடியில் நஞ்சை, உழவு மாடு, மாரியம்மன் கோயில் திருவிழாவில் தலையில் பரிவட்டம் கட்டிக்கொள்ளும் உரிமை, எல்லாம் கொடுத்தேன். மனைவி அன்னக்கொடி. அவளுடைய தங்கை முத்துத்தாய் கல்யாணமான கையோடு சிங்கப்பூர் போனவள். அன்றிலிருந்து அக்காளும் தங்கையும் நேரில் முகம் பார்க்கவில்லை. இப்போது முத்துத்தாய் இருவரையும் கூப்பிட்டிருக்கிறாள், எந்த மாதம் வந்தாலும் சரி என்று. பாஸ்போர்ட் வந்துவிட்டது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் போதும்.

(எந்த மாதம் வந்தாலும் சரி என்று விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரியிடம் சொல்லலாமா? முத்துத்தாய் ஊரை மறந்துவிட்டாள்.)

3

“தை பிறந்ததும் நல்லகாமன் தம்பதியர்” என்று ஆரம்பித்தேன். பேனாவைக் காகிதத்திலிருந்து எடுப்பதற்குள் நல்லகாமன் குறுக்கே வந்தார்.

“தையில அறுப்பு சார். நெல்லக் களத்துல போட்டுட்டு நான் கப்பல்ல உக்காந்திருக்கவா?”

சரி, மாசி. குலசாமி கும்பிட வேண்டுமாம். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது ஊரை விட்டு எவன் போவான்? வைகாசி முழுக்கக் கல்யாணம், மொய் செய்யாவிட்டால் பகை. ஆடியைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

“கார்த்திகை?” என்றேன், களைத்துப்போய்.

“போன வருசம் நாகப்பட்டினத்துல அடிச்ச புயல மறந்துட்டீகளா?”

மறக்கவில்லை. ஆனால் எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நானே உண்டாக்கிய ஆள் என்னிடமே பஞ்சாங்கம் படிக்கிறார்.

அன்னக்கொடி ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “பன்னெண்டு மாசமும் இந்த மனுசனுக்கு ஆகாது சார். பதிமூணாவது மாசம் ஒண்ணு எழுதிக் குடுங்க, போயிட்டு வாரோம்,” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை. அந்த இடத்தில்தான் பத்திரிகைக்காரரை மறந்துவிட்டு, இவளை எப்படியாவது தங்கையிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

(என் மனைவி விஜயம் இதுவரை படித்துவிட்டுச் சொன்னது: “மாசம் இல்லீங்க பிரச்சினை. இங்க அவரு பரிவட்டக்காரரு. அங்க போனா அன்னக்கொடியோட வீட்டுக்காரரு, அம்புட்டுத்தான். அதுக்குப் பயப்படுறாரு.” எழுதுகிறவனுக்குத் தெரியாதது படிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. இது எனக்குப் பிடிக்கவில்லை.)

4

திடீரென்று நல்லகாமன் இறங்கி வந்தார். “பங்குனியில போவோம் சார். வேலையும் இல்ல, கடலும் சும்மா கெடக்கும்.”

மகிழ்ந்துபோய் டிக்கெட் வாங்கிக் கொடுத்தேன். அன்னக்கொடி தங்கைக்காக அப்பளம், வடகம் எல்லாம் காயவைத்தாள். நானும் “பங்குனியே சாலச் சிறந்தது” என்று கட்டுரையை முடித்து, உறையில் போட்டுப் பசையும் தடவிவிட்டேன்.

உறையை மறுபடி கிழிக்க வைத்தவர் பேயாண்டி. நல்லகாமனின் பங்காளி. நல்லகாமன் ஊரில் இல்லாவிட்டால் அந்த வருடப் பரிவட்டம் இவருக்கு. ஆகவே இந்தப் பயணத்தில் இவருக்கு இருந்த அக்கறை முத்துத்தாய்க்குக்கூட இல்லை. அன்னக்கொடியிடம் வந்து போட்டு உடைத்தார்: “மதினி, திருவிழாவுக்குக் காப்புக் கட்டுற நாள ஊர்க்கூட்டத்துல குறிச்சதே அண்ணந்தான். நீங்க ரயிலேற வேண்டியது புதன்கிழமை. அண்ணன் செவ்வாக்கிழமைன்னு குறிச்சிருச்சு.”

காப்புக் கட்டிவிட்டால் அது அவிழும் வரை ஊருக்குள் இருப்பவர் எவரும் எல்லை தாண்டி இரவு தங்கக் கூடாது. ஆத்தா பொறுக்க மாட்டாள். கப்பலோ காத்திருக்காது. அதாவது நல்லகாமன், போகலாம் என்று சொல்லிக்கொண்டே போக முடியாதபடி கட்டிப்போட்டிருந்தார். என் கதாபாத்திரம் எனக்கே தெரியாமல் ஒரு முடிவு எழுதி வைத்திருந்தது.

5

“அன்னக்கொடி அழுதாள்” என்று எழுதினேன். அடித்துவிட்டேன், அவள் அழவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

“எங்கிட்டுப் போற?” என்றார் நல்லகாமன்.

“சமயநல்லூருக்கு, எந்தம்பி வீரணன் வீட்டுக்கு. காப்புக் கட்டுறப்ப ஊருக்குள்ள இருந்தாத்தான ஆத்தா கேப்பா? நான் எல்லைக்கு அங்கிட்டு இருப்பேன். ஒங்க டிக்கெட்டும் எங்கிட்டத்தான் இருக்கு. வாரதுன்னா பொழுது சாயறதுக்குள்ள வந்துருங்க.”

திண்டுக்கல் பஸ் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

6

இப்போது பொழுது சாய்கிறது. கோயிலில் கொட்டுச் சத்தம் ஆரம்பமாகிவிட்டது. வெள்ளை வேட்டியில் நல்லகாமன் பஸ் நிறுத்தத்தில் நிற்கிறார். கோயிலுக்குப் போகிற வழியும் அதுதான் என்பதால் எதையும் ஊகிக்க முடியவில்லை.

முடிவு அ: பஸ் ஏறுகிறார். பேயாண்டி பரிவட்டம் கட்டிக்கொள்கிறார். (விஜயம்: “சினிமா மாதிரி இருக்கு.”)

முடிவு ஆ: கோயிலுக்குத் திரும்புகிறார். ஊர் கும்பிடுகிறது, ராத்திரிச் சோற்றை அவரே வடித்து (விஜயம் இதை முடிக்கவே விடவில்லை.)

அவரையே கேட்டேன். “எதையாச்சும் எழுதிப்புடாதீக சார். நானே இன்னும் ரோசிச்சு முடிக்கல,” என்றார். பாவமாக இருந்தது.

சரி, அன்னக்கொடியையாவது கேட்போம் என்று சமயநல்லூருக்குப் போனேன். தம்பி வீட்டில் வடகத்தை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

“ஒருவேளை அவர் வரலைன்னா?” என்றேன்.

“அவரு வந்தா ரெண்டு பேரு, வராட்டி ஒருத்தி. நாளைக்கு ரயிலேறுறேன்னு பேனாவுல எழுதுங்க சார், அடிக்கிற வேலை வச்சுக்காதீக.”

அப்படியே எழுதிவிட்டேன். அடிக்கவில்லை.

ஆகவே அவள் முடிவை உங்கள் கையில் தர எனக்கு உரிமையில்லை. மிச்சமிருப்பவர் நல்லகாமன் மட்டும்தான், அவரை உங்களிடம் விட்டுவிடுகிறேன். கோயிலில் காப்புக் கயிற்றில் மஞ்சள் தடவியாயிற்று. பஸ்ஸும் வந்துவிட்டது. கண்டக்டர் அவரைப் பார்த்து, “ஏறுறீகளா இல்லையா?” என்கிறார். நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.